வேண்டாத பட்டன்

"மெஷின் நல்லாத்தான் கேக்குது தம்பி. அதுல இருக்கிற ஆஃப் பட்டனை மட்டும் எடுத்துடுங்க."

காது மெஷின் கடைக்காரர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். பட்டன் சின்னதாக இருக்கிறது, விரலுக்கு அகப்பட மாட்டேன் என்கிறது என்று அவரிடம் சண்டைக்கு வந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. பட்டனே வேண்டாம் என்று வந்தவர் இவர்தான்.

வந்தவர் அச்சாபீஸ்காரர். வாழ்நாள் முழுக்க அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டு, ரிட்டயர் ஆனபோது காதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். அடுத்த நாற்காலியில் அவர் மனைவி. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த காது படத்தைப் பரீட்சைக்குப் படிப்பவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வருஷம் ரெண்டு பேருமா வந்து ஆளுக்கொண்ணு வாங்கினீங்க இல்ல?" கடைக்காரருக்கு ஞாபகம் வந்துவிட்டது. "அம்மாகூட, 'என் காது போனதே இவரோட குறட்டையாலதான்'னு சொன்னாங்களே!"

"அதேதான். ஜோடியா வாங்கினா பேட்டரி இலவசம்னு நீங்களும் சொன்னீங்க. அந்த பேட்டரி இன்னும் வரல."

கடைக்காரர் அவசரமாகப் பேச்சை மாற்றினார். "பட்டன் அது பாட்டுக்கு இருக்கட்டுமே சார். அமுக்காம விட்டா போச்சு."

"என்னை நம்ப முடியாது தம்பி. அந்த விஷயத்துல நான் பெரிய கேடி."

அவருக்கு ஒரு அக்கா இருந்தாள். அடுத்த தெருவில் வீடு. தினமும் சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்துக்கு வந்து, ஹாலில் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியைப் பிடித்துக்கொள்வாள். மூட்டு வலியில் ஆரம்பித்து, மாடி வீட்டுக்காரன் குழாயைத் திறந்துவிட்டுப் போனது, வாங்கிய தக்காளியில் பாதி அழுகல், அச்சாபீஸ்காரருக்குச் சின்ன வயதில் ஓயாமல் மூக்கு ஒழுகியது வரை எல்லாம் ஒரே மூச்சில் வரும். நடுவில் முற்றுப்புள்ளியும் கிடையாது, ஒரு வாய் தண்ணீரும் கிடையாது.

காது மெஷின் வாங்கிய பிறகுதான் அவருக்கு விடிவுகாலம் பிறந்தது. அக்கா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, தலையைச் சொறிவதுபோல் கையைக் கொண்டுபோய் பட்டனை அமுக்கிவிடுவார். அதற்கப்புறம் அவள் உதடு அசைந்தால் "ம்". புருவம் உயர்ந்தால் "அப்படியா!" கண்ணைத் துடைத்தால் "விடுக்கா." இந்த மூன்றை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டினார். 'என் தம்பி மாதிரி பொறுமையாக் கேக்க ஆள் கிடையாது' என்று அக்கா தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

"போன மாசம் ஒரு நாள் வந்தா தம்பி," என்றார் அச்சாபீஸ்காரர். "அன்னிக்கு எப்பவும் போல இல்ல. கொஞ்ச நேரம்தான் பேசினா. அப்புறம் கிட்ட வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஏதோ கேட்டா. புருவம் மேல போச்சா, நானும் 'அப்படியா!'ன்னுட்டேன். என்னையே ஒரு மாதிரி பார்த்தா. சிரிச்சா. கன்னத்துல தட்டிட்டுக் கிளம்பிட்டா. மறுநாள் காலையில எழுந்திரிக்கல. தூக்கத்துலயே போயிட்டா."

மேஜையில் ஃபேன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தது.

"என்ன கேட்டாங்க சார்?"

"தெரிஞ்சா நான் ஏன் இங்க வந்து உக்காரப் போறேன்?" மனைவி பக்கம் கையைக் காட்டினார். "பக்கத்துலயே இருந்தா இவ. தெரிஞ்சவ இவ ஒருத்திதான். தினமும் கேக்கறேன், வாயைத் திறக்க மாட்டேங்கறா."

"எப்பவும் சொல்றதுதான்," என்றாள் மனைவி, காது படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பார்த்தீங்களா? இதே பல்லவிதான். எப்பவும் சொல்றதுன்னா எது, மூட்டு வலியா, தக்காளியா? தக்காளிக்கு எதுக்கு என் கையைப் பிடிக்கணும்?"

"போனவங்க போயிட்டாங்க. அதையே ஏன் நோண்டிக்கிட்டு இருக்கீங்க?"

"என்னைப் பத்தி ஏதோ மனசு நொந்து சொல்லியிருக்கா. நான் தாங்க மாட்டேன்னு இவ மறைக்கிறா. திட்டியிருந்தாலும் பரவாயில்ல, சொல்லிடேன். அன்னிக்கு என்னைவிட அழகா நீதானே தலையாட்டினே! நடுவுல சிரிக்கக்கூடச் செஞ்சியே!"

மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள்.

கடைக்காரர் அவர் கழற்றிக் கொடுத்த மெஷினை வயரில் கோத்து கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டு, அவருக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "பட்டனைப் பிடுங்க முடியாது சார். அமுக்கினாலும் வேலை செய்யாத மாதிரி பூட்டிடலாம். ஆனா அப்புறம் குக்கர் விசில், பக்கத்து வீட்டு டிவி, அம்மா பேசறது எல்லாம் முழுசா வந்து விழும். நல்லா யோசிச்சுக்குங்க."

"விழட்டும். இவ திட்டறதைக்கூட ஒரு எழுத்து விடாம கேக்கறேன். இன்னிக்கு வந்து பேசறவங்க நாளைக்கும் வருவாங்கன்னு எனக்கு யார் எழுதிக் கொடுத்தது? எந்த தைரியத்துல அமுக்கினேன்?"

கடைக்காரர் கம்ப்யூட்டரில் இரண்டு தட்டு தட்டிவிட்டு மெஷினைத் திருப்பிக் கொடுத்தார். இழுப்பறையைத் திறந்து, போன வருஷத்து இலவச பேட்டரியையும் கூடவே வைத்தார். அச்சாபீஸ்காரர் மெஷினை மாட்டிக்கொண்டு பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஃபேன் சத்தம் நிற்கவில்லை. திருப்தியாகத் தலையாட்டினார்.

கடைக்காரருக்குத்தான் மனசு கேட்கவில்லை. "அம்மா, சார் பாவம், இப்படித் தவிக்கிறாரே. அவங்க அக்கா கடைசியா என்னதான் கேட்டாங்க? சொல்லிடுங்களேன்."

மனைவி காதோரத்து முடியை ஒதுக்கினாள். தன் மெஷினைக் கழற்றிக் கண்ணாடி மேஜைமேல் மெதுவாக வைத்தாள்.

"இதையும் அப்படியே பூட்டிடுங்க தம்பி. அன்னிக்கு இதுவும் ஆஃப்லதான் இருந்துச்சு."