கெட்டிலுக்கு ஒரு பாயின்ட்

ஒரு சின்ன இலவச மருத்துவமனை அலுவலகத்தில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் இருந்தது. அதன் மூன்று பாயின்டில் ஒன்று கருகிவிட்டது. மீதியில் ஒன்று பிரின்டருக்கு, ஒன்று கம்ப்யூட்டருக்கு.

சுவரிலிருந்த வெள்ளைப் பலகைக்கு அன்று தலைகால் புரியவில்லை. "என்மேல எழுதியிருக்கிறதைப் பார்த்தியா? நாலு கம்ப்யூட்டர், சர்வர், ஸ்கேனர், வாசல்ல டோக்கன் டிவி! எல்லாம் இந்த வருஷத் திட்டம்."

"வரட்டும், வரட்டும்," என்றது ஜங்ஷன் பாக்ஸ். அதற்கும் ஆசைதான். "ஆனா எல்லாரையும் எங்க செருகுவாங்க?"

"உனக்கு எப்பவும் சின்ன யோசனைதான்!"

அப்போது பொறுப்பாளர் பரிமளா வந்தார். திட்டத்தை எழுதி முடித்த சந்தோஷத்தில் எல்லோருக்கும் டீ போட, வழக்கம்போல் கைக்குக் கிடைத்த பிளக்கைப் பிடுங்கிவிட்டு கெட்டிலைச் செருகினார். கம்ப்யூட்டர் அணைந்தது. காலையிலிருந்து ஏற்றி, சேவ் செய்யாமல் விட்ட அறுபது நோயாளிகளின் விவரமும் அதோடு போயிற்று.

பரிமளா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பலகையை முழுக்கத் துடைத்துவிட்டு ஒரே வரி எழுதினார்: "கெட்டிலுக்குத் தனி பாயின்ட்."

"எல்லாம் போச்சே!" என்று பலகை விசும்பியது.

"அழாதடா," என்றது ஜங்ஷன் பாக்ஸ். "இத்தனை வருஷத்துல உன்மேல எழுதினதுல நடக்கப்போற முதல் விஷயம் இதுதான்."