கழற்ற மறுத்த பூட்ஸ்

"பூட்ஸைக் கழட்டுங்க," என்றாள் டாக்டர் ஐஜிரெக்.

பெரியவர் கம்பளித் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "சர்க்கரை ரத்தத்துல இருக்கு. காலை எதுக்குப் பார்க்குற? உன் முன்னாடி காலை நீட்டுறதுக்கு நான் குதிரையில இருந்து விழுந்தே சாகலாம்!"

"சர்க்கரை இருக்கிற எல்லாருக்கும் காலைப் பார்த்தே ஆகணும். தலைநகர் பிஷ்கெக்ல மந்திரி வந்தாலும் சரி, நம்ம ஊர் நாரின்ல நீங்க வந்தாலும் சரி, ஒரே விதிமுறைதான்."

"எனக்குத்தான் வலியே இல்லையே!"

"அதுதான் பயமா இருக்கு."

குனிந்து அவளே பூட்ஸை உருவினாள். உள்ளே ஓர் ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. காலுறையில் ரத்தம்.

பெரியவர் முகம் வெளுத்தது. "இது எப்பக் குத்துச்சு?"

புண்ணைக் கழுவிப் பார்த்தவள் பெருமூச்சு விட்டாள். "நல்லவேளை, ஆழமில்ல. மருந்துலயே ஆறிடும். கால் தப்பிச்சுது."

அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த நர்ஸ் பேனாவை எடுத்தாள். "பேஷன்ட் பேர் என்ன டாக்டர்?"

அதுவரை படபடவென்று பேசிய ஐஜிரெக் வாயே திறக்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"எசென்குல்னு எழுதிக்கம்மா. காலைப் பிடிச்சு இழுப்பா, அதட்டுவா. ஆனா மாமனார் பேரை மட்டும் என் மருமக சொல்ல மாட்டா!"