கூரியர் வண்டி நிற்கும் கடை

"இன்னிக்கும் கூரியர் வண்டி செருப்புக்கடை வாசல்லதான் நிக்குது," என்றார் மருந்துக்கடைக்காரர்.

எங்கள் கடைத்தெருச் சங்கத்தின் தலைவர் தன் ஜவுளிக்கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"துரோகம்."

தலைவர் சுருக்கமாகப் பேசினால் விஷயம் பெரியது.

ஃபோனில் எதையும் வாங்கக் கூடாது, ஊர்ப் பணம் ஊருக்குள்ளேயே சுற்ற வேண்டும் என்பது சங்கத் தீர்மானம். எழுதியவன் நான். பாத்திரக்கடையில் கூட்டம் இல்லாததால் எழுத நேரம் கிடைக்கிறது. 'கிராமங்களின் முதுகெலும்பு சிறு கடைகளே' என்று அதில் ஒரு வரி. படிக்கும்போதெல்லாம் எனக்கே புல்லரிக்கும்.

மீறுகிறவருக்குச் சங்கக் கட்டடத்தில் இடம் கிடையாது. செருப்புக்கடை அங்கேதான் இருந்தது.

மூவரும் போனோம். உள்ளே தரையெல்லாம் வெட்டிய தோல். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தோம்.

"வாங்க தலைவரே. என்ன, கமிட்டியே வந்திருக்கு?"

"தினமும் உனக்கு பார்சல் வருதாமே?"

"வரலைங்க. போகுது."

"போகுதா?"

"கடைக்கு வர்றவங்க, உள்ளூர்ச் சரக்கு உழைக்குமான்னு கேட்டுட்டுப் போயிடறாங்க. அதான் வாயில நுழையாத பேரா ஒண்ணு வச்சு ஃபோன்ல விக்கிறேன். இப்ப நல்லா உழைக்குதாம்."

பின்னறையில் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் வார் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நிமிராமலே கேட்டாள்.

"கடையைக் காலி பண்ணச் சொல்லவா வந்திருக்காங்க, அண்ணே? நாங்க வேற வேலை பார்த்துக்கணுமா?"

செருப்புக்கடைக்காரர் தலைவரைப் பார்த்தார்.

"விக்கிறவனை விடுங்க," என்றேன் நான். "ஃபோன்ல வாங்குறான் பாருங்க, அவனுக்கு வெக்கமே கிடையாது." குரல் நன்றாகத்தான் வந்தது.

"ஆமாண்ணே," என்றார் செருப்புக்கடைக்காரர்.

"நாளைக்குக் கூட்டம் போட்டு முடிவு பண்றோம்," என்று தலைவர் எழுந்தார்.

வாசலுக்கு வந்தோம். யாராலும் செருப்பை மாட்ட முடியவில்லை. மூன்று ஜோடியும் அதே பழுப்பு, அதே அகல வார், அதே பித்தளை வளையம். எது யாருடையது என்று தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் குனிந்தபடியே நின்றோம்.

செருப்புக்கடைக்காரர் வெளியே வந்து ஜோடி சேர்த்து வைத்தார். பெண்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தலைவருக்கு ஒன்பது. ஏழு, மருந்துக்கடை அண்ணனோடது. பார்சல் கட்டினவன் நான்தானே, மறக்குமா?"

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "ஏம்ப்பா, விக்கிறதைப் பத்தித் தீர்மானத்துல ஒண்ணும் எழுதலையே?"

"எழுதலை, எழுதலை," என்றேன் அவசரமாக. "நாளைக்குக் கூட்டமே வேண்டாம்."

மிச்சமிருந்த ஜோடியைச் செருப்புக்கடைக்காரர் என் காலடியில் வைத்தார்.

"உங்களுக்கு எட்டு. அடுத்த தடவை தங்கச்சி வீட்டு விலாசமெல்லாம் எதுக்குண்ணே? ஒரு குரல் கொடுங்க. யாருக்கும் தெரியாம நானே கொண்டாந்து தர்றேன்."