கேட்காமல் வந்த வசம்பு

மேரு என்ற ஊரில் குடியிருக்கும் கோமளாவுக்குக் கடைக்குப் போகிற வேலையே இல்லாமல் போயிருந்தது. அரிசியிலிருந்து சோப்பு வரை போனிலிருந்த ஏஐ தானே பார்த்து வாங்கிவிடும். யாரையும் கேட்காது.

ஒரு சனிக்கிழமை, வந்த சாமான்களுக்குள் ஒரு துண்டு வசம்பும் இருந்தது. கைக்குழந்தைக்கு வயிறு உப்பினால் சுட்டு, தாய்ப்பாலில் உரசி நாக்கில் தடவுகிற வசம்பு. அந்த வீட்டில் குழந்தை இல்லை. குழந்தைக்காகப் பார்த்த வைத்தியமும் போதும் என்று நிறுத்தியாகிவிட்டது. கோமளாவின் முகம் சுண்டிப்போனது.

"இதுகிட்ட இனிமே விட வேணாம்லா. நானே பாசாருக்குப் போறேன்."

கணவன் ரவீந்திரன் அப்போதே ஏஐயைப் போனிலிருந்து அழித்தான். வசம்பு குப்பைக்குப் போனது.

அடுத்த சனிக்கிழமை கோமளா பாசாரிலிருந்து வெறுங்கையோடு திரும்பினாள். எப்போதும் பிடித்த மீன் வாடை அன்றைக்குக் குமட்டியது. வாசலில் ஒரு பொட்டலம் கிடந்தது. உள்ளே வசம்பு மட்டும். ஒரு முனை கருகியிருந்தது.

"மறுபடியுமா? கொடு, தூக்கிப் போடறேன்," என்றான் ரவீந்திரன்.

"வேணாங்க. இருக்கட்டும்."

கருகிய முனையைத் தொட்டுப் பார்த்தாள். உரசிய இடத்தில் பால் இன்னும் காயவில்லை.