நீலம் ஏறிய கை

சாயப்பட்டறைக்குக் கீழ்ப்புறத் தெருவில் பெண்களின் கைகள் மட்டும் நீலமாக இருந்தன. பட்டறையில் சாயம் முக்கும் ஆண்களுக்குக் கையுறை உண்டு. சாயம் கலந்து வரும் குழாயில் குடம் பிடிக்கவும் அரிசி களையவும் துணி அலசவும் யார் கையுறை கொடுப்பார்கள்? முதலில் நகக்கண்ணில் தெரிந்த நீலம், மழைக்காலம் வருவதற்குள் மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. அன்னக்கொடிக்கு இப்போது முழங்கை வரை. கையில் கிடக்கும்போது அவள் குழந்தை வானத்தில் படுத்திருப்பதுபோல் சிரிக்கும்.

கிராம சபைக்கு வந்த அதிகாரி, தண்ணீரில் குறையொன்றும் இல்லை என்று எழுதிய தாளைப் பெண்கள் பக்கம் நகர்த்தினார். ஆண்கள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"எங்களை ஒரு வார்த்தை கேக்கலீங்களே?" என்றாள் அன்னக்கொடி.

"அதான் உங்கூட்டு ஆம்பளைங்க சொல்லிட்டாங்களே. கைநாட்டு வைம்மா" என்று மைப்பெட்டியைத் திறந்தார் அவர்.

அவள் மைப்பெட்டியைத் தொடவில்லை. எழுத்தின்மேல் உள்ளங்கையை முழுசாக வைத்து அழுத்தினாள். நீலம் பரவி ஒரு வரியையும் விட்டுவைக்கவில்லை. அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்களும் எழுந்து வந்து நின்றார்கள்.

அதிகாரி தாளைத் தூக்கி ஊதி ஊதிப் பார்த்தார். நீலம் காயவில்லை. மெல்ல அவருடைய நகக்கண்ணில் ஏறத் தொடங்கியது.