நான்காம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில்

"ஐயோ, நின்னுடுச்சே! பத்து மணிக்குக் கூட்டம்!"

போதகர் லிஃப்டின் பொத்தான்களை மாறி மாறி அழுத்தினார். அது அசையவில்லை. கைபேசியில் சிக்னலும் இல்லை. கதவைத் தட்டினார்.

"மெக்கானிக் வந்துட்டேன் ஐயா!" என்று வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "சின்ன வேலைதான். பொறுத்துக்குங்க."

"முந்நூறு பேர் காத்திருப்பாங்கம்மா" என்று பக்கத்தில் நின்ற மனைவியிடம் புலம்பினார்.

"என்ன தலைப்புங்க?"

"ஓய்ந்திருத்தல்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதே. ராத்திரி மூணு மணி வரைக்கும் கண் விழிச்சுத் தயார் பண்ணினேன்."

"பேச்சு தயார். பேசறவர்தான் போன மாசம் பிரசங்க மேடையிலேயே மயங்கி விழுந்தார். இன்னொரு தடவை விழுந்தா எழுந்திருக்க மாட்டார்னு டாக்டர் சொன்னது காதுல ஏறிச்சா?"

"வேலை கிடக்கே."

"கடவுளே ஏழாவது நாள் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தார். நீங்க என்னடான்னா அவரைவிட பிஸி!"

போதகர் லிஃப்டின் சுவரில் சாய்ந்தார். மெல்லத் தரையில் உட்கார்ந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்த பன்னைப் பிய்த்துப் பாதியை நீட்டினாள்.

"நாம இப்படி உட்கார்ந்து எத்தனை நாளாச்சு?" என்று அவர் கேட்டார்.

"நாளா? வருஷக் கணக்குல கேளுங்க."

"முதல் பிரசங்கத்துல எல்லாம் மறந்து திருதிருன்னு முழிச்சேனே, ஞாபகம் இருக்கா?"

"முன்வரிசையிலிருந்து உதட்டை அசைச்சு எடுத்துக் கொடுத்தது யாராம்?"

"நீ இல்லேன்னா அன்னிக்கே கவுந்திருப்பேன்."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அடுத்த கதையைத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். அவர் தலை அவள் தோளில் சாய்ந்திருந்தது. குறட்டை வந்தது. கை மரத்துப் போன பிறகும் அவள் அசையவில்லை.

அவர் கண் விழித்தபோது மணி பன்னிரண்டு.

"போச்சு, மானமே போச்சு! முந்நூறு பேர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

அவள் கதவை இரண்டு முறை தட்டினாள். உடனே லிஃப்ட் இறங்கி, மூன்றாம் மாடியில் திறந்துகொண்டது. வெளியே மெக்கானிக். அவருக்குப் பின்னால் நடையிலும் படிக்கட்டிலும் அந்த முந்நூறு பேரும் மூச்சுக் காட்டாமல் நின்றிருந்தார்கள்.

"தூங்கினாராம்மா?" என்று மெக்கானிக் ஆவலாகக் கேட்டார்.

"ஒன்றரை மணி நேரம்!" என்று அவள் இரு கைகளையும் உயர்த்த, கட்டடமே அதிரக் கைதட்டினார்கள்.