உப்பில்லாக் கஞ்சி

கஞ்சியை விரலால் தொட்டு நாக்கில் வைத்த ரத்தினம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. துளி உப்பில்லை.

சற்று முன்புதான் சித்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் அவளை நிறுத்திக் கேட்டிருந்தார். "உன் வீட்டுக்காரருக்கு சிறுநீரகத்து மேல இருக்கிற சுரப்பி கெட்டுப்போச்சும்மா. உடம்புல உப்பு நிக்கல. மருந்தோட உப்பும் நெறைய குடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். குடுக்கறீங்களா இல்லையா? இப்படியே போனா ஆள் தங்கமாட்டார்."

அவள் புருஷன் வேதாச்சலத்துக்குக் கஞ்சி கொண்டுவருவது சித்தூரிலேயே வாழ்க்கைப்பட்ட அவன் தங்கை செங்கம்மா. கிணற்றுப் பங்குத் தகராறில் முகம் பாராமல் இருந்தவள், அண்ணன் படுத்ததும் ஓடி வந்தாள். அவளை நம்பித்தான் ரத்தினம்மா சொந்த ஊரான கார்வேட்டிநகரத்துக்கு அறுவடை பார்க்கப் போனாள். நம்பியதற்கு நல்ல கூலி.

"கிணத்துக்காவ எங்கூட்டுக்காரரையே கொல்லப் பாத்தியாடி? உப்பு போடச் சொன்னாங்களா இல்லியா?"

"சொன்னாங்க அண்ணி."

"அப்புறம் ஏன் போடல?"

செங்கம்மா அண்ணனைப் பார்த்தாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கூடப் பொறந்தவளாச்சேன்னு நம்பி உட்டுட்டுப் போனேனே, பாவி. எழுந்து போ. இனிமே இங்க கால் வெக்காத."

செங்கம்மா எழுந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள். குற்றமுள்ளவள் வேறெப்படிப் போவாள்?

ரத்தினம்மா கடைக்கு ஓடி உப்பு வாங்கிவந்து கலக்கினாள். பக்கத்துக் கட்டில்காரர் பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். எல்லைத் தகராறு தீர்ந்துவிட்டதாம். திருத்தணி மெட்ராஸோடு போகிறது, கார்வேட்டிநகரம் ஆந்திராவிலேயே இருக்கும்.

"அது எங்க இருந்தா நமக்கின்னா. வாயத் தொறய்யா."

வேதாச்சலம் பல்லைக் கடித்துக்கொண்டான். கண்ணில் நீர் வழிந்தது.

"சாவத்தான் போறியா? நானும் பொண்ணுங்களும் தெருவுல நிக்கறதா?"

அவன் அவள் கையை மெதுவாக விலக்கினான்.

"செங்கம்மாவத் திட்டாத. உப்பு போட்டா கஞ்சியையே தொடமாட்டேன்னு நான்தான் மெரட்டினேன்."

"ஏன்யா?"

"நம்ம ஊரு மெட்ராஸோட சேர்ற வரைக்கும் உப்பு துன்னமாட்டேன்னு திருத்தணி முருகன் மேல சத்தியம் பண்ணிட்டேன் ரத்தினம்."